சுண்டெலியில் வலி நீக்கத்தையும் தசைத் தளர்வையும் அளத்தல்

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்தபின்னரே இச்சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

வலி நீக்கத்துக்குச் சூடுதட்டு முறை எளியது. தட்டு 55 டிகிரி செல்சியஸில் நிலைத்தபின் சுண்டெலியை அதன்மேல் விட்டு, அது பின்னங்காலை நக்கும் வரை அல்லது துள்ளும் வரை ஆகும் வினாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னங்காலை நக்குவதைக் கணக்கில் சேர்க்காதிருப்பது நல்லது. முகம் துடைக்கும் இயல்பான அசைவோடு அது எளிதில் குழம்பிவிடும். எதிர்வினை எதுவும் இல்லாவிட்டாலும், பாதம் வெந்துபோகாதிருக்க, 15 வினாடியில் விலங்கை எடுத்துவிட வேண்டும். மருந்துக்கு முன் 5 வினாடி, பின் 10 வினாடி எனில், கூடிய 5 வினாடியை, 15 வினாடி உச்ச வரம்புக்கு எஞ்சியிருந்த 10 வினாடியால் வகுத்தால் விளைவு 50 விழுக்காடு.

ஆனால் தசை தளர்ந்த சுண்டெலி, வலித்தாலும் காலைத் தூக்காது. ஆகவே டன்ஹாமும் மியாவும் 1957இல் விவரித்த சுழல்தண்டுச் சோதனையையும் உடன் செய்யுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 முறை சுழலும் தண்டில் விழாமல் நடக்கப் பழகியவற்றை மட்டும் தேர்ந்து, மருந்துக்குப் பின் அவை விழும் நேரத்தை, தசையைத் தளர்த்தும் மருந்தான டயசிபாம் பெற்ற குழுவோடும் மருந்தற்ற கரைசல் மட்டும் பெற்ற குழுவோடும் ஒப்பிடுங்கள்.

எந்த விலங்குக்கு எது செலுத்தப்பட்டது என்பது நேரம் குறிப்பவருக்குத் தெரியக் கூடாது. வலி நீக்கியான மார்ஃபின் பெற்ற சுண்டெலியின் வால் விறைத்து முதுகுக்கு மேல் வளைந்து நின்று அந்த இரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவதும் உண்டு.