ஓபெத்தின் ‘ஆர்கிட்’ ஆல்பத்தை முதல் தடவை கேட்பது எப்படி?

கனத்த கிட்டாரும் உறுமல் குரலுமாக ஒலிக்கும் டெத் மெட்டல் இசை என்றதும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி இருந்தவன்தான். உறுமல் குரலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று காதுக்குப் பிடிபட ஆரம்பித்தது, ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஓபெத் 1995இல் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘ஆர்கிட்’டில்தான். மொத்தம் 7 டிராக், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

படி 1: ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் ஓடும்படி செட்டிங்கையும் மாற்றுங்கள். காரணம் நான்காவது படியில் வரும்.

படி 2: மூன்றாவது டிராக்கான ‘சில்லவெட்’டில் தொடங்குங்கள். மூன்று நிமிடம், வெறும் பியானோ. வாசிப்பவர் இசைக்குழுவின் டிரம்மர் ஆண்டர்ஸ் நோர்டின்!

படி 3: அப்படியே அடுத்த டிராக்குக்குப் போங்கள். ‘ஃபாரஸ்ட் ஆஃப் அக்டோபர்’, 13 நிமிடம். இங்கேதான் பொறுமை வேண்டும். குரலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு உறுமட்டும். மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட், பீட்டர் லிண்ட்கிரென் என்று இரண்டு கிட்டார்கள். வழக்கமாக டெத் மெட்டலில் கனம் கூட்டுவதற்காக இரண்டு பேரும் ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) வாசிப்பார்கள். இவர்களோ ஒருவர் ஒரு மெட்டை இழுக்க, மற்றவர் அதன்மேல் வேறொரு மெட்டைப் பின்னுகிறார். முதல் சுற்றில் ஒரு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் சுற்றில் மற்றது. மூன்றாம் சுற்றில் யோஹான் டி ஃபார்ஃபல்லாவின் பேஸ் கிட்டார். அது கிட்டாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் தன் வழியில் நடந்து போகும். (ஈக்வலைசரில் பேஸை ஏற்றிவிடாதீர்கள், எல்லாம் குழம்பிப் போகும்.)

அப்புறம் உறுமலுக்கு வாருங்கள். இப்போது அது ஒரு முரட்டு வாத்தியம் போலக் கேட்கும். எனக்கு இந்த இடத்துக்கு வர ஒரு வாரம் ஆனது.

படி 4: ‘ரெக்வியம்’, ‘தி அப்போஸல் இன் ட்ரையம்ஃப்’ இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள். ‘ரெக்வியம்’ ஒரு நிமிடச் சொச்சத்தில் பாதியில் அறுந்தது போல முடியும். உங்கள் போனில் கோளாறு இல்லை. மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலி வேலையில், நடந்த தவறால் அதன் கடைசிப் பகுதி அடுத்த டிராக்கின் ஆரம்பத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஷஃபிளில் கேட்டபோது ஃபைல்தான் கெட்டுப்போச்சு என்று நான் இரண்டு தடவை அழித்து ஏற்றினேன்.

படி 5: இனி முதல் டிராக்கிலிருந்து முழுதாக ஓடவிடுங்கள். ‘இன் மிஸ்ட் ஷீ வாஸ் ஸ்டாண்டிங்’ 14 நிமிடம். முன்னுரை எதுவும் இல்லாமல் எடுத்த எடுப்பிலேயே பாயும். அதனால்தான் அதை வைத்துத் தொடங்கச் சொல்லவில்லை. சத்தம் இன்றைய ஆல்பங்களைவிட மெலிதாகத் தோன்றினால் ஆச்சரியப்பட வேண்டாம். 1994இல் டான் ஸ்வானோவின் யூனிசவுண்ட் ஸ்டுடியோவில் பதிவானது, அப்போது ஆக்கர்ஃபெல்டுக்கு இருபதை ஒட்டிய வயது.

கையில் இருப்பது 2000இல் வந்த மறுபதிப்பு என்றால் எட்டாவதாக ஒரு டிராக் இருக்கும். அது ஆரம்பகால ஒத்திகைப் பதிவு, கரடுமுரடாகத்தான் இருக்கும். முதல் சுற்றில் ஏழாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.