பழைய கேஸ் அடுப்பைச் சாண எரிவாயுவுக்கு மாற்றுவது எப்படி?

பாலக்கோடு, காரிமங்கலம், ராயக்கோட்டைப் பக்கம் ஐந்து மாடு கட்டியிருக்கும் வீட்டில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் நன்றாகவே ஓடும். தினம் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் சிலிண்டர் அடுப்பில் அந்தக் குழாயை அப்படியே சொருகினால் தீ பொட்டு போலத்தான் எரியும். அதில் கேழ்வரகுக் களி கிண்ட முடியாது.

சிலிண்டர் வாயு ரெகுலேட்டரைத் தாண்டி சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது. மிதக்கும் டிரம் கலனில் (வாயு சேரச் சேர மேல் டிரம் எழும்பும் வகை) 10 மில்லிபார் கிடைப்பதே பெரிது. தவிர, சாண வாயுவில் எரியக்கூடிய மீத்தேன் பாதிக்குச் சற்று மேல்தான். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. அதனால் அடுப்பில் வாயு வரும் துளை பெரிதாக வேண்டும், அதோடு கலக்கும் காற்று குறைய வேண்டும். பையோகேஸுக்கென்றே ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு அடுப்பு விற்கிறார்கள், வாங்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாதவர்களுக்குத்தான் இந்த வழி.

முதலில் அடுப்பைச் சிலிண்டரிலிருந்து முழுசாகக் கழற்றி வெளியே எடுத்து வாருங்கள். ரெகுலேட்டர் இனி வேண்டாம்.

அடுத்தது ஜெட். பர்னர் குழாயின் வாயில் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகுதான் அது. அதன் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைத் துளைத்துப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, ஏனென்றால் அடுப்பின் குமிழுக்குள் இருக்கும் வழியும் குறுகலானது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குமிழை விட்டுவிட்டு, பர்னருக்கு ஓர் அரை அங்குல பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது) தனியாக வையுங்கள். அதன் முனையில் பொருத்த லேத் பட்டறையில் பித்தளை ஜெட் ஒன்று கடைந்து வாங்குங்கள். துளை 1.5 மில்லிமீட்டரில் தொடங்கட்டும். எரித்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக 2 வரை போகலாம். பெரிதாகிப்போன துளையைச் சிறிதாக்க முடியாது, நிதானம் வேண்டும்.

அப்புறம் காற்று. பர்னர் குழாயில் உள்ள காற்றுத் துளையைத் தகரப் பட்டையால் சுற்றி, நகர்த்தக்கூடியதாக வையுங்கள். தீ பர்னரை விட்டு எழும்பினால் காற்று அதிகம், கொஞ்சம் மூடுங்கள். மஞ்சளாகி பாத்திரம் கரி பிடித்தால் திறந்துவிடுங்கள். நீலமாக, பர்னரில் ஒட்டி எரிய வேண்டும்.

எரிப்பதற்கு முன் எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. புதுக் கலனில் முதலில் வரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதை வெளியே விட்டுவிடுங்கள். கலனின் வாயிலேயே தீ வைத்துச் சோதிப்பது உயிருக்கு ஆபத்து, ஒருபோதும் வேண்டாம்.

மாற்றிய அடுப்பில் திரும்பச் சிலிண்டரை மாட்டவே கூடாது. பெரிய துளையில் அந்த அழுத்தம் வந்தால் தீ ஆளுயரம் பாயும். அடுப்பின் மேலேயே ‘சாண வாயு மட்டும்’ என்று பெயின்டில் எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளியும் படிக்கிற மாதிரி.