லேண்ட் ரோவர் முன்சில்லுக்குள் ஒழுகிய ஒயில்

படுவான்கரை வயலுக்குப் போய்வரும் என் பழைய சீரிஸ் 3, மட்டக்களப்பில் எங்கள் வளவு மணலில் தினமும் உள்ளங்கை அளவு கறுப்பு வட்டம் போட்டது. முன்சில்லுத் திரும்பும் இடத்தில், உள்ளே ஒயில் நிற்கும் குரோம் பூசிய உருண்டை ஒழுகுகிறது. உருண்டையைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் றப்பர் வளையமான சீல் போனதென்று நினைத்து ஒருமுறை மாற்றினேன், இரண்டே கிழமையில் மறுபடி அதே வட்டம். அப்புறம்தான் உருண்டையைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்த்தேன்: வாவிப்பக்கத்து உப்புக்காற்றும் சேறும் சேர்ந்து குரோமை அரித்து, குண்டூசித்தலை அளவில் குழிகள். புதுச் சீலின் உதட்டைக் கிழித்தது அதுதான்.

புது உருண்டை வாங்கக் கட்டுபடியாகவில்லை. சில்லு, அதன் நடுக்குடமான ஹப், எல்லாம் கழற்றி, துருவைச் சுரண்டி, பெற்றோலால் கழுவி, குழிகளில் இரும்புக்கான எபொக்சிப் பசை அப்பி ஒருநாள் விட்டேன். பிறகு 400, 800, கடைசியாக 1200 இலக்க நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் மணல்தாள்), தண்ணீர் தொட்டுத் தொட்டு, நகம் எங்கும் தட்டுப்படாமல் போகும்வரை தேய்த்தேன். கை ஓய்ந்துபோனது, பக்கத்து வீட்டு மாமா "இதுக்கு வண்டியை வித்திருக்கலாமே மனே" என்றார். உருண்டைக்குள் ஈபி 90 என்ற கியர் ஒயிலுக்குப் பதில் கிறீஸ் அடைப்பவர்களும் உண்டு. சில்லுத் திரும்பும் முளையைத் தாங்கும் மேல்பக்க வளையத்துக்கு (புஷ்) ஒயில் ஏறவேண்டும் என்பதால் நான் ஒயிலே விட்டேன். மூன்று மாதமாக மணல் வெள்ளையாகக் கிடக்கிறது. இடதுபக்கச் சில்லுக்கு இந்த வேலை இனித்தான்.