பாவம் ஓரிடம், பழி டர்போ மேல்: பழைய ஸ்போர்ட்ஸ் செடானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பழைய செடானுக்கு ஒரே ஆண்டில் இரண்டு முறை டர்போ மாற்றினேன். முதல் முறை பின்னால் நீலப் புகை வந்தது. "டர்போ போய்விட்டது" என்றார் மெக்கானிக். புதிதாக ஒன்றை மாட்டினோம். நான்கே மாதத்தில் அதுவும் ஊளையிட ஆரம்பித்தது. வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் டர்போவைத் தொடவே இல்லை. அதற்கு ஆயில் கொண்டுவரும் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாயைக் கழற்றி, துடைத்து, என் கையில் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினேன். மறுமுனையில் காற்று வரவில்லை. உள்ளே முழுக்கக் கரி. புது டர்போவை அந்தப் பழைய குழாயிலேயே மாட்டியிருந்தார்கள். அது ஆயில் இல்லாமல் வறண்டு செத்திருக்கிறது.

பழைய டர்போ காரில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் இந்த வகைதான். நோய் ஓரிடத்தில் இருக்கும். அறிகுறி டர்போவில் தெரியும். பணம் டர்போவுக்குப் போகும்.

ஏன் டர்போவில் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது உருளைக் குண்டுகள் அல்ல, மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. பெட்ரோல் எஞ்சினில் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடியது. அந்தச் சூட்டை வெளியே எடுத்துப்போகும் வேலையையும் அதே ஆயில்தான் பெரும்பாலும் செய்கிறது. ஆயிலில் எந்தக் குறை இருந்தாலும் முதல் அடி டர்போவுக்கு விழுவது இதனால்தான்.

வாங்கும்போது: சூடான எஞ்சினைப் பார்த்து மயங்குவது

காரைப் பார்க்கப் போகிறோம். விற்பவர் அன்போடு அதை முன்பே கிளப்பிச் சூடாக்கி வைத்திருக்கிறார். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முதுகு இருக்கையில் ஒட்டுகிறது. அத்தோடு நம் அறிவு வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது.

சொல்லவேண்டியது ஒன்றுதான்: "நான் வரும் வரை கிளப்பாதீர்கள்." போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில விநாடிகளில்தான் வால்வுகளை எஞ்சினோடு ஒத்து இயக்கும் டைமிங் செயினின் கலகலப்பு கேட்கும், வால்வு சீல் வழியாக இரவெல்லாம் கசிந்த ஆயில் நீலப் புகையாக வரும். சூடான பிறகு இரண்டும் ஒளிந்துகொள்ளும்.

ஸ்கேனரை மாட்டி "பிழை எதுவும் இல்லை" என்று திருப்தி அடைவதும் அரைகுறை வேலை. பிழைகளை முந்தின நாளே அழித்துவிடலாம். அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் காட்டும். அது 12 என்று இருந்தால் ஏன் அழித்தார்கள் என்று கேளுங்கள்.

எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிக் கூடுதல் சக்தி எடுத்து, விற்கும் முன் பழையபடி ஆக்கிவைத்த கார்கள் ஏராளம். மென்பொருள் தடயத்தை மறைக்கலாம். ஸ்பேனர் தடயத்தை மறைப்பது கடினம். காற்றுக் குழாய்களில் வேறு கிளிப் இருந்த வடு, கண்ணாடி ஓரத் தூணில் பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) மீட்டர் மாட்டியிருந்த திருகு ஓட்டை, திறந்து மூடிய கணினிப் பெட்டி ஆகியவற்றைத் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (காற்றை அழுத்தும் திறன்) சோதனையும், முடிந்தால் காற்றுக் கசிவுச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேரம் பேசுவதில் பொருளில்லை.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் அதற்கென்று ஒரு பரம்பரை வியாதி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பொதுவான அறிவுரைகளைப் படித்துக்கொண்டிருப்பது வீண். சுபாருவின் 2.5 லிட்டர் டர்போ இஜே எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகளுக்கு இடையிலான விளிம்பு உடையும். பிஎம்டபிள்யூ 335ஐ-யில் வந்த என்54 எஞ்சினில் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் கைவிடும். ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களின் தொடக்க கால இஏ888 எஞ்சினில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளரும். அதற்கு முந்தைய 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சினில் எரிபொருள் பம்புக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும் நடுவே உள்ள சிறு கிண்ணம் தேய்ந்து ஓட்டையாகும். மிட்சுபிஷி எவோ 9 வரை வந்த 4ஜி63 எஞ்சினில் டைமிங் பெல்ட்டோடு, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் சிறிய பெல்ட்டையும் மாற்றவேண்டும். சிறியது அறுந்தால் பெரியதில் சிக்கி அதையும் இழுத்துப்போகும். வாங்கப்போகும் எஞ்சினின் குறியீட்டு எண்ணைத் தெரிந்துகொண்டு அதைப் பற்றித் தேடுங்கள். காரின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைப்பது புகழ்ச்சிதான்.

ஆயில்: சேமிப்பதாக நினைத்துச் செலவழிப்பது

சில ஐரோப்பிய கார்களின் கையேட்டில் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு வரை ஒரே ஆயிலில் ஓட்டலாம் என்று இருக்கும். புதுக் காரை மூன்று ஆண்டு ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடுகிறவருக்கு அது பொருந்தலாம். அந்தக் காரை பத்து வருடம் கழித்து வாங்கிய உங்களுக்குப் பொருந்தாது. ஆடி ஏ4, பஸாட் கார்களின் பழைய 1.8 டர்போவும், சாப் 9-5 எஞ்சின்களும் ஆயில் கசடாக உறைவதற்குப் பெயர் போனவை. என் கணக்கு 7,000 அல்லது 8,000 கிலோமீட்டர், இல்லையென்றால் ஓர் ஆண்டு. எது முந்துகிறதோ அது. வாங்கிய அன்றே முதல் மாற்றம். முந்தைய உரிமையாளர் போன வாரம்தான் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுகிறேன்.

"ஆயில் குடிக்கிறதா? கெட்டியான ஆயிலை ஊற்று" என்பது இன்னொரு பட்டறை வைத்தியம். புகை சில நாள் குறையும், உண்மைதான். ஆனால் காலையில் கிளப்பும்போது கெட்டியான ஆயில் டர்போ பேரிங்கைத் தாமதமாகத்தான் எட்டும். ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்ற எண்ணைவிட, டப்பாவின் பின்பக்கம் உங்கள் கார் நிறுவனத்தின் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நேரடி எரிபொருள் பீய்ச்சல் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பது) கொண்ட டர்போ எஞ்சின் என்றால் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரமும் கவனிக்கவேண்டியது. குறைந்த சுற்றில் எரிபொருள் காலத்துக்கு முந்திப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கான சோதனை, 2020-இல் வந்த அந்தத் தரத்தில் உண்டு.

கசடு பிடித்த எஞ்சினில் கசடைக் கரைக்கும் ஃப்ளஷ் மருந்தை ஊற்றுவது எனக்குப் பிடிப்பதில்லை. பல வருடக் கசடு கட்டிகட்டியாகப் பெயர்ந்து, ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்வது அழுக்கான வேலைதான். செய்து முடித்தால் என்ன போயிற்று, என்ன மிஞ்சியது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

நீலப் புகை வந்தால்

உடனே டர்போவைக் கழற்றாதீர்கள். புகை எப்போது வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். காலையில் கிளப்பும்போது மட்டும் வந்தால் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். மிதித்து ஏறும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். சிக்னலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது மேகம் போல வந்தால் டர்போ பக்கம் பார்க்கலாம். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியது எஞ்சினின் மூச்சுக் குழாயை.

எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிவதற்குத் தனி பம்ப் கிடையாது; தானாகத்தான் வடியவேண்டும். கீழே அழுத்தம் இருந்தால் வடியாது, சீலைத் தாண்டிப் புகைக் குழாய்க்குள் போகும். டர்போ நன்றாகவே இருக்கும். மாற்றவேண்டியது கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் வால்வு. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று அடித்தால் அங்கே தொடங்குங்கள்.

தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து "ஆடுகிறது, போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்வதும் வழக்கம். ஆயில் படலம் இல்லாதபோது பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. முன்னும் பின்னும் கையால் உணரும்படி நகர்ந்தாலோ, சக்கரத்தின் இறக்கை சுவரில் உரசிய கீறல் தெரிந்தாலோதான் கவலைப்படவேண்டும்.

இழுக்கவில்லை என்றால்

ஸ்கேனர் பி0299 என்று காட்டும். பூஸ்ட் போதவில்லை என்று பொருள். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. டர்போவிலிருந்து, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சின் வரை எத்தனை ரப்பர் ஹோஸ்கள், எத்தனை கிளிப்புகள்! அவற்றில் ஒன்று பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். நிற்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் புகையை அழுத்தத்தோடு செலுத்திப் பார்க்கும் சோதனை அரை மணி நேர வேலை. கூடவே, மிதியை விடும்போது மிஞ்சும் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் சவ்வு கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்வரும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள காரில், அளந்த பிறகு காற்று கசிந்தால் எஞ்சின் இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கறுப்புப் புகை வரும். காற்றை வெளியே விட்டு உஸ்ஸென்று சத்தமிடும் வால்வை ஆசைக்கு மாட்டுகிறவர்கள் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இதைத்தான் காசு கொடுத்து வரவழைக்கிறார்கள்.

முழுதாக மிதிக்கும்போது மட்டும் குலுங்கினால் ஸ்பார்க் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் பாருங்கள். அழுத்தமான கலவையில் பொறி தாண்டுவது கடினம். அதனால் பல டர்போ எஞ்சின்களில் பிளக் இடைவெளி 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர்தான். தேய்ந்து அகன்ற பிளக், மெதுவாக ஓட்டும்போது தன் குறையைக் காட்டாது.

நேரடிப் பீய்ச்சல் எஞ்சினில் உள்வால்வின் முதுகில் கரி படிவதற்கு, பெட்ரோலில் கலக்கும் மருந்து பயன்படாது. பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லை. வால்நட் ஓட்டைப் பொடித்துக் காற்றோடு அடித்துச் சுத்தம் செய்வதுதான் பலரும் நம்பும் முறை.

ஓட்டுவதில்

கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் சூடாகிவிட்டது என்று மிதிப்பார்கள். ஆயிலின் சூடு அப்போது பாதிதான் ஏறியிருக்கும். இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் பொறுங்கள். டாப் கியரில் 1,500 சுற்றில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிப்பதும் கூடாது. முன்பு சொன்ன, பிஸ்டனை உடைக்கும் கோளாறு வருவது அப்படி மிதிக்கும்போதுதான். ஒரு கியர் இறக்கிவிட்டு மிதியுங்கள்.

நிறுத்தும் முன் ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் வைப்பது, டர்போவை ஆயில் மட்டுமே குளிர்வித்த நாட்களின் சடங்கு. இப்போது பெரும்பாலானவற்றில் கூலன்டும் ஓடுகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தால் போதும். விரட்டி வந்து அப்படியே அணைத்தால்தான் ஆயில் உள்ளேயே வெந்து கரியாகும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூலன்ட் அமைப்பின் பிளாஸ்டிக் பாகங்கள் பத்து வருடத்தில் பிஸ்கட்டாகிவிடும். உடைவதற்கு முன் மாற்றுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள காரில் ஒரு டயரை மட்டும் புதிதாகப் போட்டால் சுற்றளவு வேறுபட்டு, சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஓயாமல் தேயும். "ஆயுள் முழுக்க மாற்றவேண்டாம்" என்று சொல்லப்படும் கியர் ஆயிலையும் மாற்றுங்கள்.

டர்போ நிஜமாகவே போய்விட்டால் பட்டறையில் கூடவே நில்லுங்கள். ஆயில் குழாய் புதிதா? ஆயிலும் ஃபில்டரும் புதிதா? உடைந்த இறக்கையின் துகள்கள் இன்டர்கூலரில் இல்லாமல் கழுவினார்களா? ஆயில் குழாய் இணைப்பில் பசை போன்ற சீலன்ட்டைத் தடவ விடாதீர்கள். பிதுங்கும் துணுக்கு வழியை அடைக்கும். மாட்டிய பிறகு எரிபொருளைத் துண்டித்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுழற்றவேண்டும். அதன் பிறகே கிளப்பலாம். என் காரின் மூன்றாவது டர்போவை அப்படித்தான் மாட்டினோம். 60,000 கிலோமீட்டர் ஆகிறது, இன்னும் ஊளையிடவில்லை.