ராமநாதபுரத்திலிருந்து லேசர் டேக் பயணம்: முதல் தடவை கிளம்புகிறவர்களுக்கு

தொண்டி, கீழக்கரை, மண்டபம் என்று நம்ம கடற்கரையில் எங்கே இருந்தாலும், நல்ல அரீனாவில், அதாவது அதற்கென்றே அமைத்த கூடத்தில், லேசர் டேக் ஆட வேண்டுமென்றால் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரே அரீனாவோடு திரும்புவானேன் என்று நாங்கள் நான்கு பேர் மூன்று நாள் பயணமாகவே போய் வந்தோம். அதில் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இருட்டுக் கூடத்துக்குள் ஓடி ஒளிந்து, கதிர் வீசும் துப்பாக்கியால் ஒருவரையொருவர் சுடுவதுதான் லேசர் டேக். துப்பாக்கியிலிருந்து போய்ப் படுவது பெரும்பாலும் லேசரே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், டிவி ரிமோட்டில் வருகிற அதே வகை. நாம் பார்க்கிற சிவப்பு, பச்சைக் கோடு குறி பார்ப்பதற்கு மட்டும். ஆட்டத்துக்கு மாட்டிக்கொள்ளும் மேலங்கியான வெஸ்ட்டில் நெஞ்சு, முதுகு, தோள் பக்கம் இருக்கும் சென்சார்தான் அடியை வாங்கும். வீட்டில் விளையாடும் பொம்மை செட் இருந்தால் அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் பழகலாம், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு போங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் பகலில் சென்சார் மந்தமாகிவிடும்.

அடுத்து போன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு ஊரில் நாங்கள் சொல்லாமல் போய் நின்றோம், மொத்தக் கூடத்தையும் பிறந்தநாள் விழாவுக்குக் கொடுத்திருந்தார்கள், இரண்டரை மணி நேரம் வாசலில் காத்திருந்தோம். "அண்ணே, நாங்க நாலு பேர் ராம்நாட்லேர்ந்து வர்றோம், சனிக்கிழமை ஸ்லாட் இருக்கா, ஒரு ஆட்டம் எத்தனை நிமிஷம், ஆள் பத்தலேன்னா மத்தவங்களோட சேர்த்து விடுவீங்களா?" என்று கேட்டு, முந்தின நாள் இன்னொரு தடவையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாதை எளிது. பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை சுமார் 115 கிலோமீட்டர். அங்கிருந்து மேற்கே கோவை இன்னொரு 215, வடக்கே திருச்சி 140, திருச்சியிலிருந்து சென்னை 330 போல வரும். முதல் பயணத்தில் ஒரு திசையை மட்டும் எடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல், நாகப்பட்டினம் வழியாகவும் சென்னை போகலாம், அழகான பாதை, ஆனால் ஊருக்கு ஊர் வேகம் குறைந்துகொண்டே வரும், ஆட்டம் இருக்கிற நாளில் வேண்டாம். ஃபாஸ்டேக்கில் பணம் போட்டுக்கொள்ளுங்கள். வழிக்குக் கீழக்கரைத் தொதல் இனிப்பு இருந்தால் போதும், ஆட்டத்துக்கு முன்னால் புரோட்டா சாப்பிட்டுவிட்டு ஓடுவது கஷ்டம்.

இப்போது முக்கியமான விஷயம்: ஒரு நாளைக்கு ஒரு அரீனா, அதில் குறைந்தது இரண்டு ஆட்டம். நிறைய அரீனா பார்த்தோம் என்று எண்ணிக்கை சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1984இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஜார்ஜ் கார்ட்டர் ஃபோட்டான் என்ற பெயரில் கூடம் திறந்த காலத்திலிருந்து ஆட்டத்தின் அடிப்படை பெரிதாக மாறவில்லை, மாறுவதெல்லாம் கூடத்தின் அமைப்புதான். எங்கே மேடை, எந்தச் சுவரில் ஓட்டை, எந்த மூலையில் இரண்டு வழி சேர்கிறது என்பதெல்லாம் முதல் ஆட்டம் முடியும்போதுதான் பிடிபடும், அதோடு வெளியே வந்துவிட்டால் கற்றதைப் பயன்படுத்தவே வாய்ப்பில்லை. அதனால் முதல் ஆட்டத்தில் ஸ்கோரை மறந்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள், இரண்டாவதில் ஜெயிக்கப் பாருங்கள்.

உடை கறுப்பு அல்லது கருநீலம். வெள்ளைச் சட்டை உள்ளே இருக்கும் ஊதா விளக்கில் பளீரென்று தெரியும், நீங்கள் ஒளிந்த இடம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதுகைச் சுவரோடு வையுங்கள், அங்கேயும் சென்சார் இருக்கிறது. அடி பட்டதும் வெஸ்ட் சில நொடி அணைந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறார்கள், நீங்கள் அதற்குள் வேறு இடம் பிடித்துவிடுங்கள். சுவரில் கண்ணாடி இருந்தால் கவனம், கதிர் அதில் பட்டுத் திரும்பியும் வரும்.

முடிந்ததும் ஸ்கோர் காட்டுவார்கள். மொத்தப் புள்ளியை விட, சுட்டதில் எத்தனை பட்டது என்ற விகிதத்தைப் பாருங்கள், அது இருந்தால் போனில் படம் எடுங்கள். அப்புறம் காரில் ஏறுவதற்கு முன்பே ஒரு நோட்டில் கூடத்தின் வரைபடத்தை நினைவிலிருந்து போடுங்கள், நான்கு பேரும் தனித்தனியாக. எங்கள் நான்கு வரைபடமும் நான்கு விதமாக இருந்தன, ஒருவன் பார்த்த படிக்கட்டை இன்னொருவன் பார்த்திருக்கவே இல்லை. ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம் அதையெல்லாம் சேர்த்து அரியமான் மணலில் குச்சியால் பெரிதாக வரைந்து, உள்ளே நடந்து பார்த்தோம். இருட்டும் வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.