கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லையா? ஈப்போவுக்குத் தூக்காதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், பாட்டு கேட்கவில்லை என்றதும் சிபியுவைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு ஈப்போ நகரத்துக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் சத்தத்தை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் வேறு எங்கேயோ.

முதலில் ஒரு இயர்போனைச் செருகிப் பாருங்கள். அதில் கேட்டால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. ஸ்பீக்கரின் சுவிட்ச், சத்தம் கூட்டும் திருகு, வயரைப் பாருங்கள். தீபாவளிக்கு வீடு கழுவ மேசையை நகர்த்தியிருந்தால் சிபியுவின் பின்பக்கத்தையும் எட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஸ்பீக்கர் வயர் வழக்கமாகப் பச்சைத் துளையில் இருக்க வேண்டும், அவசரத்தில் செருகும்போது அது பக்கத்திலிருக்கும் மைக்கின் ரோஸ் துளைக்குப் போய்விடும்.

அதுவும் சரி என்றால் விண்டோஸுக்கு வாருங்கள். கீழே வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து, அவுட்புட் என்ற இடத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். வில்லங்கம் அதிகமும் இங்கேதான். படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரில் புது மானிட்டர் மாட்டினால் விண்டோஸ் சத்தத்தையும் அந்த மானிட்டருக்கே அனுப்பிவிடலாம், அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்! இல்லையென்றால் அடுத்த அறையில் மகன் கட்டிலில் போட்டிருக்கும் புளூடூத் இயர்போனில் உங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11 என்றால் அதே பக்கத்தின் அடியில் மோர் சவுண்ட் செட்டிங்ஸ் இருக்கிறது, பாட்டை ஓடவிட்டு அதைத் திறந்தால் சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறதோ அதன் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும். உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து செட் டிஃபால்ட் அழுத்துங்கள்.

யூடியூப்பில் மட்டும் சத்தமில்லையா? பிரவுசர் டேபை யாராவது மியூட் செய்திருப்பார்கள்.

கடைசியாகத்தான் டிரைவர், அதாவது சவுண்ட் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள். ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜருக்குள் போங்கள். சவுண்ட் கருவியின் மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் எனேபிள் செய்தால் போதும். மஞ்சள் முக்கோணம் என்றால் அன்இன்ஸ்டால் செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள், பல நேரம் விண்டோஸே டிரைவரைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். போடாவிட்டால் லேப்டாப்பை, அல்லது சிபியுவின் உள்ளே இருக்கும் மதர்போர்டு என்கிற முக்கியப் பலகையைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். இலவச டிரைவர் அப்டேட்டர் என்று கண் சிமிட்டுகிற விளம்பரங்களைத் தொடவே வேண்டாம், ஒரு தொல்லைக்கு ஒன்பது தொல்லை வரும்.

இடி மின்னல் அடித்த சாயங்காலத்துக்கு அப்புறம் அடியோடு நின்றுபோயிருந்தால், மதர்போர்டில் உள்ள சவுண்ட் சிப் போயிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். யுஎஸ்பியில் செருகும் சின்ன சவுண்ட் கார்டு ஒன்றை முதலில் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.