டெக்சாஸில் கைத்துப்பாக்கி: விசாவிலிருந்து உறை வரை

ஹூஸ்டனுக்கோ டாலஸுக்கோ வந்த சில மாதங்களில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "இங்க லைசென்ஸே வேணாம், 21 வயசு ஆனா போதும்." இது பாதி உண்மை. 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடையில் மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆனால் சட்டம் தடை செய்யாதவர்களுக்கு மட்டும். எச்1பி, எல்1, எஃப்1, பி2 போன்ற தற்காலிக விசாக்காரர்களைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்குகள் உண்டு. குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்காமல் அவற்றை நம்பி இறங்க வேண்டாம். தடையை மீறினால் 15 ஆண்டு வரை சிறை, அதோடு நாடுகடத்தல். நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியால் நாலு தோட்டா சுடுவதும் 'வைத்திருத்தல்' கணக்கில் வரும். அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டால் சாட்சியும் தயார்.

கிரீன் கார்டு கிடைத்தவர் வாங்கலாம். வீட்டில் துணைவர் இன்னும் எஃப்1இல் இருக்கலாம், அப்பா அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்கலாம். துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியோ எண்ணோ அவர்களிடம் இருந்தால், துப்பாக்கி அவர்கள் வசமும் இருந்தது என்று வழக்காட முடியும். பெட்டகத்தின் எண், துப்பாக்கியை வாங்கியவருக்கு மட்டும் தெரியட்டும். அலமாரி உச்சியில் துணிக்கு அடியில் ஒளித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. 17 வயதுக்குக் கீழான பிள்ளையின் கைக்குத் தோட்டா ஏற்றிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக விட்டால் டெக்சாஸில் குற்றம்.

கட்டாயம் இல்லை என்றாலும் எல்.டி.சி. எனப்படும், கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான டெக்சாஸ் உரிமத்தை எடுத்துவிடுங்கள். கட்டணம் 40 டாலர், வகுப்பு 4 முதல் 6 மணி நேரம், ஓர் எழுத்துத் தேர்வு, பிறகு சுடும் தேர்வில் 50 தோட்டா: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. தேர்வு சுலபம்தான், தேறியதாலேயே கை பழகிவிட்டது என்று எண்ண வேண்டாம். உரிமத்தின் பெரிய பயன் வேறு. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு காரில் போவதே கூட்டரசுக் குற்றமாகலாம். பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் இருந்தால் விலக்கு. பள்ளிக் கட்டடத்துக்குள் மட்டும் உரிமம் இருந்தாலும் கூடாது. வாடகைப் பள்ளிக் கட்டடத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ் வகுப்பும் அதில் அடங்கும். வாசலில் 30.06 பலகையோ (உரிமக்காரரும் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வரக்கூடாது என்னும் அறிவிப்பு) சிவப்பில் 51% பலகையோ இருந்தால் திரும்பிவிடுங்கள். பிந்தையது மது விற்பனையை நம்பி நடக்கும் இடம்.

விபத்துகள் பல துப்பாக்கி உறையில் தொடங்குகின்றன. டிரிக்கர் முழுவதையும் மூடும் விறைப்பான கைடெக்ஸ் (கெட்டிப் பிளாஸ்டிக்) அல்லது கெட்டித் தோல் உறை, ஒன்றரை அங்குலக் கெட்டி பெல்ட், இரண்டும் வேண்டும். வேட்டி மடிப்பு இதற்கு இடமல்ல. மலிவான மென் தோல் உறை நாளடைவில் மடங்கி, துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது விளிம்பே டிரிக்கரை அழுத்திவிடும். சட்டை ஓரமும் ஜாக்கெட் கயிறும் அப்படித்தான். எடுப்பதில் வேகம் பழகலாம். செருகுவது மெதுவாக, துணியை விலக்கி, கண்ணால் பார்த்து. கை நழுவி விழுந்தால் பாய்ந்து பிடிக்காதீர்கள், விரல் டிரிக்கரில் மாட்டும். விழட்டும்.

தோட்டாவை இறக்கும் வரிசை முக்கியம். முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுங்கள், பிறகு மேலே நகரும் ஸ்லைடை இழுங்கள், பிறகு சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள். வரிசை மாறி ஸ்லைடை முதலில் இழுத்தால் ஒரு தோட்டா வெளியே விழும், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். "காலி" என்று நம்பிய துப்பாக்கி வெடிப்பது இப்படித்தான். ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் நுனியில் இருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் கூட்டுக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் எகிறும். ஆகவே சும்மா இறக்காதீர்கள். உறையோடு கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள்.

ரேஞ்சில் வழக்கத்தைவிடச் சன்னமாக 'பட்' என்று கேட்டால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். முடிந்ததும் ஈயத் துகள் போகக் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கைகழுவி, உடை மாற்றிய பிறகு பிள்ளையைத் தூக்குங்கள்.

போலீஸ் காரை நிறுத்தினால் இரு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும். அடையாள அட்டை கேட்டால் எல்.டி.சி.யையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பர்ஸை எடுக்கக் கை நகர்த்துமுன் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள்.

மாநில எல்லை தாண்டினால் சட்டம் மாறும், டெக்சாஸ் உரிமம் நியூயார்க்கில் செல்லாது. சென்னைப் பயணத்துக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. பை ஓரத்தில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்கே இந்திய விமான நிலையங்களில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். ரேஞ்சுக்கென்று தனிப் பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.